பிழை பொறாத எண்

ஒஸ்லோ மாநகரிலிருந்து தென்மேற்கே நாற்பது கிலோமீட்டர் அளவில், மலைநாட்டுக் காடுகளில் வெட்டிய மரங்களைத் தன்மேல் மிதக்கவிட்டுத் துறைமுகம் வரையில் சுமந்துவந்து பல தலைமுறைகளுக்கு ஜீவனம் அளித்த ஓர் ஆறு கடற்கழியோடு கூடும் முகத்தில், திராமன் என்னும் நகரம் அமைந்திருக்கிறது. இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் ஜனங்கள் வசிக்கும் அந்நகரத்தில், ஈழத்திலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மரம் வெட்டிப் பிழைத்தவரின் பேரனுக்கும், யாழ்ப்பாணத்தாரின் பேத்திக்கும் நோர்வே அரசாங்கம் பேதமின்றி அளிக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அது பதினோர் இலக்கங்களால் ஆகிய ஒரு முழு எண். வைத்தியசாலைக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும், வரி இலாகாவுக்குப் போனாலும், முதலில் கேட்கப்படுவது அந்த எண்ணே. பிறந்தவுடன் வந்து சேர்ந்து, ஆயுள் முழுவதும் கூடவே இருப்பதனால் அதைப் பிறப்பெண் என்றே வழங்குகிறார்கள். அதனுடைய கணித லட்சணங்களை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பதினோரிலக்க எண்கள் மொத்தம் பத்தாயிரம் கோடி இருக்கின்றன. நோர்வேயின் ஜனத்தொகையோ ஐம்பத்தைந்து லட்சத்தை ஒட்டியது. ஆளுக்கு ஓர் எண் வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் ஏழு இலக்கங்களே போதும். ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஒரே எண்ணுக்காகப் பதினெட்டாயிரம் எண்களைப் பரப்பி வைப்பானேன் என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விக்கு விடை காண்பவர், பெரிய எண் என்பதன் உபயோகம் எதில் இருக்கிறது என்பதையும் கண்டுவிடுகிறார். எழுதுகிற கை தவறும்போது, தவறிப் பிறந்த எண் இன்னொரு மனிதருடைய எண்ணாக இருந்துவிட்டால், ஒருவருடைய மருந்து மற்றொருவருக்கும், ஒருவருடைய கடன் மற்றொருவருக்கும் போய்ச் சேரும். ஆகவே, உபயோகத்திலுள்ள எண் ஒவ்வொன்றையும் சுற்றி யாருக்கும் உரிமையில்லாத எண்கள் நிறைந்த வெற்றிடம் ஒன்று இருக்க வேண்டும். கை தவறினால் அந்த வெற்றிடத்தில் விழ வேண்டும். விழுந்த மாத்திரத்தில் அது தவறு என்று தெரிந்துவிட வேண்டும். அந்த வெற்றிடத்தை எப்படி அமைப்பது என்பதுதான் சாஸ்திரம்.

எண்ணின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி: நாள், மாதம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். அடுத்த மூன்றும் அன்று பிறந்தவர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறிவதற்காக. 1900 முதல் 1999 வரையில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 000 முதல் 499 வரையிலும், 2000 முதல் 2039 வரையில் பிறப்பவர்களுக்கு 500 முதல் 999 வரையிலும் வகுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். தற்காலிகமாக வந்து தங்குகிறவர்களுக்கு நாளோடு நாற்பதைக் கூட்டி வேறு வகை எண் ஒன்று தருகிறார்கள். எஞ்சிய இரண்டு இலக்கங்கள், அதாவது பத்தாவதும் பதினோராவதும், மனிதரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. முன்னுள்ள இலக்கங்கள் சரியாக எழுதப்பட்டனவா என்பதற்குச் சாட்சி சொல்வது மட்டுமே அவற்றின் வேலை. அந்தச் சாட்சி இலக்கங்களில்தான் கணிதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்கைச் சரிபார்க்க மீதியைச் சாட்சியாக வைக்கும் வழக்கம் நம் நாட்டிலேயே மிகப் பழமையானது. பத்தாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டர், தம்முடைய மகாசித்தாந்தத்தில், பெருக்கல் வகுத்தல்களைச் சோதிக்க ஒன்பதை நீக்கிப் பார்க்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். எந்த எண்ணையும் ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி, அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியே ஆகும் என்பது அதன் ஆதாரம். சுலபமான முறை, ஆனால், அந்தச் சுலபத்திலேயே அதன் குறையும் இருக்கிறது. கூட்டுத்தொகைக்கு இலக்கங்களின் வரிசை தெரியாது. 47 என்று எழுத வேண்டியவர் 74 என்று எழுதிவிட்டால், ஒன்பது அதைக் கண்டுகொள்ளாது. பூஜ்யத்தை ஒன்பதாக மாற்றி எழுதினாலும் கண்டுகொள்ளாது. மனிதருடைய கை அதிகமாகச் செய்யும் பிழைகளுள் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவதும் ஒன்று. நோர்வேயில் அதற்கு விசேஷக் காரணமும் இருந்தது. அந்நாட்டார் பழைய வழக்கப்படி இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று ஒன்றாம் ஸ்தானத்தை முதலில் வைத்துச் சொல்லிவந்தார்கள். தொலைபேசி எண்களைச் சொல்வதிலும் கேட்பதிலும் அதனால் நேர்ந்த குழப்பத்தை நீக்க, 1951ஆம் ஆண்டில் பாராளுமன்றமே தலையிட்டு, பத்தாம் ஸ்தானத்தை முதலில் சொல்லும் முறையை உத்தியோக முறையாக்கியது. பழக்கம் சட்டத்தால் உடனே மாறிவிடுவதில்லை. ஆகவே, வாய் ஒரு வரிசையிலும் கை ஒரு வரிசையிலும் போகும் ஜனசமூகத்துக்கு எண் வகுக்கிறோம் என்பதை நினைவில் வைத்தே பிறப்பெண்ணை வகுத்தவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

அவர் எர்ன்ஸ்ட் செல்மர். 1920இல் ஒஸ்லோவில் பிறந்து, 1957 முதல் பேர்கன் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக விளங்கி, 2006இல் காலமானவர். நோர்வேயின் மத்தியக் குடிப் பதிவேடு 1964இல் அமைக்கப்பட்டபோது, அதற்கு வேண்டிய எண்முறையை வகுத்துக் கொடுத்தவர் அவரே. தாம் செய்ததை விளக்கி அதே ஆண்டில் எழுதிய கட்டுரைக்கு, பிரயோக எண்கணிதமும் உளவியலும் சிறிது கலந்தது என்று பொருள்படும் உபதலைப்பை அவர் கொடுத்தார். எண்களின் ஸ்வபாவத்தோடு, எழுதுகிறவருடைய ஸ்வபாவத்தையும் ஆராய்ந்தார் என்பது அதிலிருந்தே விளங்கும்.

செல்மர் ஒன்பதை விடுத்துப் பதினொன்றை எடுத்துக்கொண்டார். ஏன் பதினொன்று? அது ஒரு பகா எண். அதோடு, ஓரிலக்க எண்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய பகா எண்களுள் மிகச் சிறியது. பகா எண்ணின் உயர்ந்த குணம் இது: இரண்டு எண்களின் பெருக்கற்பலனை அது மீதியின்றி வகுக்குமானால், அவ்விரண்டில் ஒன்றையாவது தனியாக வகுத்தே தீரும். பத்துக்கு இந்த நேர்மை இல்லை. இரண்டையும் ஐந்தையும் தனித்தனியே வகுக்க முடியாத அது, அவற்றின் பெருக்கற்பலனை வகுத்துவிடுகிறது. ஒன்று முதல் ஒன்பது வரையிலுள்ள எந்த இரண்டு எண்களைப் பெருக்கினாலும், வரும் பலன் பதினொன்றால் வகுபடாது. இந்த ஒரே உண்மையின்மேல்தான் பிறப்பெண் முழுவதும் நிற்கிறது.

ஆனால், எண்ணை அப்படியே பதினொன்றால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதாதா? போதாது. பத்தைப் பதினொன்றால் வகுத்தால் மீதி பத்து. நூறை வகுத்தால் ஒன்று. ஆயிரத்தை வகுத்தால் மறுபடியும் பத்து. ஆகவே, ஸ்தானங்கள் ஒன்று விட்டு ஒன்று ஒரே மதிப்பைப் பெறுகின்றன. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் பிடிபடும். ஒன்றை இடையில் விட்டு இடம் மாறினால் தப்பிவிடும். இதைத் தவிர்க்கவே, செல்மர் இயற்கையான ஸ்தான மதிப்புகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் ஸ்தானத்துக்கும் தாமே ஒரு குணகத்தை நியமித்தார். முதல் ஒன்பது இலக்கங்களுக்கு அவர் கொடுத்த குணகங்கள் வரிசையாக 3, 7, 6, 1, 8, 9, 4, 5, 2. ஒன்று முதல் ஒன்பது வரையிலுள்ள எண்கள் எல்லாம் ஒரு முறை, ஒரே முறை, இதில் வந்திருப்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் குணகத்தால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையோடு எதைச் சேர்த்தால் பதினொன்றால் மீதியின்றி வகுபடுமோ, அதுவே பத்தாவது இலக்கம். பிறகு அந்தப் பத்து இலக்கங்களையும் 5, 4, 3, 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற குணகங்களால் பெருக்கிக் கூட்டி, அதே விதமாகப் பதினோராவது இலக்கத்தைப் பெற வேண்டும்.

ஓர் உதாரணம் செய்து பார்ப்போம். உயிருடன் இருப்பவர் எவருடைய எண்ணும் தற்செயலாக வந்துவிடக்கூடாது என்பதற்காக, பிப்ரவரி 30ஆம் தேதி என்ற, எந்த ஆண்டிலும் வராத நாளை எடுத்துக்கொள்கிறேன். ஆண்டு, பதிவேடு பிறந்த 64. தனி எண் 246. ஆக, முதல் ஒன்பது இலக்கங்கள் 300264246. குணகங்களால் பெருக்கினால் 9, 0, 0, 2, 48, 36, 8, 20, 12, கூட்டினால் 135. பதினொன்றால் வகுத்தால் மீதி 3. ஆகவே, 8 சேர்ந்தால் 143 ஆகி மீதியின்றி வகுபடும். பத்தாவது இலக்கம் 8. இரண்டாவது வரிசைக் குணகங்களால் பெருக்கிக் கூட்டினால் 145, மீதி 2, ஆகவே, 9 சேர்ந்தால் 154 ஆகி வகுபடும்; பதினோராவது இலக்கம் 9. எண் முழுமையடைந்துவிட்டது: 30026424689. மூவாயிரத்து இரண்டு கோடியே அறுபத்து நான்கு லட்சத்து இருபத்து நாலாயிரத்து அறுநூற்று எண்பத்தொன்பது. இந்த எண்ணை நேராகப் பதினொன்றால் வகுத்தால் மீதி 8 வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்; வகுபடுவது எண் அன்று, குணகங்களால் நிறுத்துப் பெற்ற இரண்டு கூட்டுத்தொகைகளே.

இப்போது ஒரே ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். தவறின் அளவு ஒன்று முதல் ஒன்பதுக்குள் ஏதோ ஒன்று. அதைக் குணகத்தால் பெருக்கிய அளவே கூட்டுத்தொகை மாறுபடும். அந்தப் பலன் பதினொன்றால் வகுபடாது என்று மேலே கண்டோம். ஆகவே, பிழை வெளிப்பட்டே தீரும். முதல் ஒன்பதில் எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், மாறுபாடு இலக்கங்களின் வித்தியாசத்தைக் குணகங்களின் வித்தியாசத்தால் பெருக்கியதாகும். குணகங்கள் எல்லாம் வெவ்வேறாதலால் அதுவும் வகுபடாது. நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதும் பிழையும் உண்டு. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கத்தில் பழகியவர்கள் எளிதில் செய்யக்கூடியது. அப்போது நான்கு இலக்கங்கள் ஒரே சமயத்தில் இடம் பெயர்கின்றன. அதை ஒரு சோதனை மட்டும் சில வேளைகளில் தவறவிடலாம்; ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டு சோதனைகளும் சேர்ந்து தவறவிடுவது ஒருபோதும் இயலாது என்பது தெளிவாகிறது. முதல் சோதனை ஏமாற வேண்டுமானால் பத்தாம் ஸ்தானங்களின் வித்தியாசம் ஒன்றாம் ஸ்தானங்களின் வித்தியாசத்தைப் போல் இரட்டிப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது ஏமாற வேண்டுமானால் அவை ஒன்றையொன்று அழிக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் கூடும் ஒரே நிலை, நாளும் மாதமும் ஒரே எண்ணாயிருப்பது. அந்த நிலையில் மாற்றி எழுதினாலும் பிழையே இல்லை.

இதைவிட ஆச்சரியமான குணம் ஒன்று இந்த எண்ணுக்குள் மறைந்திருக்கிறது. பிழை எந்த ஸ்தானத்தில் நேர்ந்தது என்பதையும் அது பெரும்பாலும் சொல்லிவிடும். நம் உதாரணத்தில் ஐந்தாவது இலக்கமான 6ஐ 7 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். முதல் கூட்டுத்தொகை 143க்குப் பதில் 151 ஆகிறது, மீதி 8. இரண்டாவது 154க்குப் பதில் 161 ஆகிறது; மீதி 7. முதல் மீதியை எந்த எண்ணால் பெருக்கினால் பதினொன்றின் கணக்கில் இரண்டாவது மீதி வரும் என்று தேடினால், ஐந்து என்று விடை வருகிறது. எட்டைந்து நாற்பது, அதில் முப்பத்து மூன்று போக மீதி ஏழு. இப்படி ஒவ்வோர் ஸ்தானத்தின் இரண்டு குணகங்களையும் ஒப்பிட்டு விகிதம் கண்டால், முதல் ஒன்பது ஸ்தானங்களுக்கு முறையே 9, 10, 6, 2, 5, 8, 4, 3, 7 என்று வருகிறது. எல்லாம் வெவ்வேறு. ஐந்து என்ற விகிதம் ஐந்தாம் ஸ்தானம் ஒன்றுக்கே உரியது; ஆகவே, குற்றம் அங்கேதான். அந்த ஸ்தானத்தின் முதல் குணகம் 8, மீதியும் 8. ஆகவே, தவறின் அளவு ஒன்று. ஏழிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆறு. பதிவேட்டைப் புரட்டாமல், யாரையும் விசாரிக்காமல், சிதைந்த எண்ணைக் கொண்டே மூல எண்ணை மீட்டுவிட்டோம். இரண்டு மீதிகளும் பூஜ்யமின்றிச் சமமாக வந்தால், அதாவது விகிதம் ஒன்றானால், ஒரு பிழைக்கு மேல் நேர்ந்திருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். ஏனெனில், எந்த ஸ்தானத்துக்கும் அந்த விகிதம் இல்லை. ஆனால், இரண்டு இலக்கங்கள் தவறியிருந்தால் இந்த உபாயம் நம்மை வேறோர் இடத்துக்கும் இழுத்துச் செல்லக்கூடும். அதனால், தவறான எண்ணை யந்திரம் தானே திருத்திக்கொள்ளாமல், திருப்பிக் கேட்பதே விவேகம்.

பெரும்பாலும் என்று மேலே சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தாவது ஸ்தானத்துக்கு விகிதம் கண்டால் 2 வருகிறது. நாலாவது ஸ்தானத்துக்கும் அதுவே. இரண்டு ஸ்தானங்களும் முதல் சோதனையில் 1, இரண்டாவது சோதனையில் 2 என்ற ஒரே குணகங்களைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே, நாலாவது இலக்கத்தையும் பத்தாவது இலக்கத்தையும் இடம் மாற்றினால் இரண்டு சாட்சிகளும் மௌனமாகிவிடும். நம் எண்ணில் 2ஐயும் 8ஐயும் மாற்றி 30086424629 என்று எழுதிப் பாருங்கள்: முதல் கூட்டுத்தொகை மறுபடியும் 143, இரண்டாவது மறுபடியும் 154. பதினோர் ஸ்தானங்களில் இப்படிப்பட்ட ஜோடி இது ஒன்றுதான். இதை ஒரு குறையென்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. மாதத்தின் கடைசி இலக்கத்தையும், ஐந்து இலக்கங்களைத் தாண்டி நிற்கும் சாட்சி இலக்கத்தையும் மனிதக் கை மாற்றி எழுதுவது நடைமுறையில் நிகழாத காரியம். பிழைகளெல்லாம் சமமான பிழைகளாகக் கணிதத்துக்குத் தோன்றலாம். எந்தப் பிழை அடிக்கடி நிகழ்கிறது என்பதை உளவியலே சொல்ல வேண்டும்.

இந்தக் காவலுக்கு ஒரு விலையும் உண்டு. பதினொன்றால் வகுத்தால் மீதி ஒன்று வருகிற சந்தர்ப்பங்களில் சாட்சி இலக்கம் பத்தாக இருக்க வேண்டும். பத்தை ஓர் இலக்கத்தில் எழுத முடியாது. அப்படிப்பட்ட தனி எண்களை நோர்வேயார் யாருக்கும் கொடாமல் விட்டுவிடுகிறார்கள். கணக்கிட்டால் 121க்கு 21 வீதம், அதாவது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கழிந்துபோகிறது. ஒரு நாளைக்கு ஐந்நூறு தனி எண்கள் இருந்தால் ஏறத்தாழ 413 மட்டுமே உபயோகமாகும். 2039க்குப் பிறகு பிறக்கப் போகிறவர்களுக்கு இடம் தேட வேண்டியிருப்பதால், 2032 முதல் முறையைச் சிறிது மாற்றத் தீர்மானித்திருக்கிறார்கள். முதல் சோதனை தளர்த்தப்படும், ஒன்பதாவது இலக்கம் ஆண் பெண் என்று காட்டுவதும் நின்றுவிடும்.

செல்மரின் மற்றக் காரியங்களைச் சொல்லாவிட்டால் இந்த எண்ணின் வரலாறு பூர்த்தியாகாது. திராமனுக்கு அடுத்தாற்போல ஒஸ்லோ செல்லும் திசையில் இருக்கும் லியர் என்னும் ஊரில், 1885இல் விக்கோ புரூன் என்ற கணித மேதை பிறந்தார். 11, 13 என்றும், 17, 19 என்றும் இரண்டே வித்தியாசத்தில் ஜோடியாக நிற்கும் இரட்டைப் பகா எண்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். அந்த ஜோடிகள் முடிவின்றித் தொடர்கின்றனவா என்பது இன்று வரையிலும் யாராலும் நிரூபிக்கப்படவில்லை. பகா எண்கள் அனைத்தின் தலைகீழ்ப் பின்னங்களையும் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எந்த எல்லையையும் கடந்து வளரும் என்று ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். இரட்டைப் பகா எண்களின் பின்னங்களை மட்டும் கூட்டினால் அது ஓர் எல்லைக்குள் அடங்கி நின்றுவிடும் என்று புரூன் 1919இல் நிரூபித்தார். அந்த எல்லையின் மதிப்பை முதன்முதலில் கணக்கிட முயன்றவர்களுள் இளைஞரான செல்மரும் ஒருவர். ஜெர்மானியர் நோர்வேயைப் பிடித்திருந்த காலத்தில், 1942இல், இரண்டு லட்சம் வரையிலுள்ள இரட்டைப் பகா எண்களின் அட்டவணையை ஒரு நண்பரோடு சேர்ந்து வெளியிட்ட அவர், அந்த மதிப்பு 1.901ஐ ஒட்டியிருக்கும் என்று கண்டார். இன்று நாம் அறிந்த மதிப்பு 1.902க்குச் சற்று மேல்.

அதே மதிப்பை மிக நுட்பமாகக் கணக்கிட, அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி 1994இல் சில கணினிகளை ஈடுபடுத்தியிருந்தார். விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தம்முடைய பிழையாக இருக்குமோ என்று மாதக்கணக்கில் சோதித்து, கடைசியில் அவர் வந்து நின்ற இடம் 824633702441 என்ற எண். எண்பத்திரண்டாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று கோடியே முப்பத்தேழு லட்சத்து இரண்டாயிரத்து நானூற்று நாற்பத்தொன்று. அதுவும், அதற்கு இரண்டு கூடிய 824633702443ம் இரட்டைப் பகா எண்கள். ஒன்றை இந்த எண்ணால் வகுக்கச் சொன்னால், இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் என்னும் புதிய யந்திரம், ஒன்பது இலக்கங்கள் வரையில் சரியாகச் சொல்லிவிட்டுப் பிறகு தவறாகச் சொன்னது. காரணம் என்ன? வகுத்தலுக்காக யந்திரத்துக்குள் பதித்திருந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. இரண்டின் அடுக்குகளால் எழுதும்போது சில குறிப்பிட்ட இலக்கங்களில் தொடங்கி, தொடர்ந்து ஒன்றுகளாகவே வரும் வகுக்கும் எண்கள்தாம் அந்தக் காலியான கட்டங்களைத் தீண்டக்கூடியவை. நைஸ்லியின் எண்ணோ, இரண்டின் முப்பத்தெட்டாம் அடுக்கை மூன்றால் பெருக்கியதிலிருந்து 18391 மட்டுமே குறைந்தது. ஆகையால், இரண்டடி எண்முறையில் அதை எழுதினால் ஒன்று, பூஜ்யம், அதன்பின் இடைவிடாமல் இருபத்து மூன்று ஒன்றுகள் என்று வருகிறது. அந்தப் பிழைக்குப் பரிகாரம் தேட அந்நிறுவனம் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. லியரில் பிறந்தவர் எந்த உபயோகத்தையும் கருதாமல் நிரூபித்த ஒரு தேற்றம், அவர் காலமாகிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இத்தகைய சோதனைக் கல்லாக நின்றது என்பதை நினைக்கும்போது, சுத்த கணிதத்தின்மேல் எனக்குள்ள பக்தி அதிகமாகிறது.

செல்மருடைய புகழ் கணித உலகில் நிலைத்திருப்பது இவற்றாலும் அன்று. 1951இல் அவர் வெளியிட்ட நீண்ட ஆராய்ச்சியில் ஒரு சமன்பாடு வருகிறது: x என்பதன் கனத்தைப் போல் மும்மடங்கு, y என்பதன் கனத்தைப் போல் நான்மடங்கு, z என்பதன் கனத்தைப் போல் ஐம்மடங்கு, இம்மூன்றும் கூடினால் பூஜ்யம். மூன்றும் பூஜ்யமாயிருப்பதைத் தவிர வேறு முழு எண்களால் இது நிறைவேறுமா என்பது கேள்வி. ஏழால் வகுத்து மீதியைச் சோதித்தால், 1, 1, 0 என்ற எண்கள் தேறுகின்றன, கூட்டுத்தொகை ஏழே. பதினொன்றால் சோதித்தால் 1, 1, 9 தேறுகின்றன. கூட்டுத்தொகை 3652, அதாவது பதினொன்றைப் போல் 332 மடங்கு. இப்படி எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதன் எந்த அடுக்கை எடுத்துக்கொண்டாலும், மீதிச் சோதனையில் இந்தச் சமன்பாடு தேறிவிடுகிறது. வர்க்கங்களால் ஆகிய இத்தகைய சமன்பாடுகளானால், எல்லாச் சோதனைகளிலும் தேறுவதே விடை உண்டு என்பதற்குப் போதுமான அத்தாட்சி என்று மின்கோவ்ஸ்கியும் ஹாஸேயும் முன்பே நிலைநாட்டியிருந்தார்கள். கனங்களுக்கு அது பொருந்தாது என்று செல்மர் காட்டினார்: முடிவில்லாத சோதனைகள் அனைத்திலும் தேறிய அவருடைய சமன்பாட்டுக்கு முழு எண்களில் விடையே கிடையாது. அந்த ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து அவர் பெயரால் வழங்கும் செல்மர் குலங்கள், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்தபோது இன்றியமையாத கருவியாக உதவின.

மீதிகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லமாட்டா என்பதை இவ்வளவு ஆழமாக அறிந்த ஒருவரே, நாட்டு மக்கள் அனைவருக்கும் மீதிகளைக் காவல் வைத்தார். நாம் செய்த 30026424689 என்ற எண் இரண்டு சோதனைகளிலும் குற்றமின்றித் தேறுகிறது. ஆனால், பிப்ரவரி 30ஆம் தேதி பிறந்தவர் யாரும் இல்லை. தேறாத எண் பொய் என்று நிச்சயமாகச் சொல்லலாம். தேறிய எண் மெய்யென்று சொல்லப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். பிறப்பெண்ணைச் சொல்லிவிட்டதனாலேயே ஒருவர் இன்னார் என்று ஒப்புக்கொள்ளும் காரியாலயங்கள் இதை மறக்கலாகாது.

திராமனிலும் ஒஸ்லோவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்கள் ஒரு மாலைப் பொழுதில் தங்கள் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு, அவரவர் எண்ணை இந்தக் குணகங்களால் பெருக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது என் விண்ணப்பம்; பார்த்த பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவது நல்லது. தமிழகத்து வாசகர்களின் ஆதார் எண் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. அதன் கடைசி இலக்கம் டச்சுக் கணிதர் வெர்ஹூஃப் 1969இல் கண்ட வேறொரு முறையால் அமைவதால், இந்தப் பெருக்கல் அங்கே செல்லாது. அவர்கள் 2007க்கு முன் அச்சான ஏதேனும் ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் பத்து இலக்கங்களாக இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணை எடுத்து, 10, 9, 8 என்று இறங்கி 1 வரையில் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அதைப் பத்தென்று கொள்ளுங்கள். கூட்டுத்தொகை பதினொன்றால் மீதியின்றி வகுபடும்.